காய் மவுஸோடு ஒட்டிக்கொண்டதா? வலைப்பக்கச் சதுரங்கப் பலகையின் கோளாறுகள், அறிகுறி வாரியாக

வலைப்பக்கத்தில் சதுரங்கப் பலகை வைக்கப் பலரும் எடுப்பது ஒரு ஜோடி ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள்: பலகைக்குச் செஸ்போர்டு.ஜேஎஸ், விதிகளுக்குச் செஸ்.ஜேஎஸ். முன்னதற்குக் கட்டம் வரையத் தெரியும், காயை இழுத்துப் போட விடத் தெரியும். குதிரை எப்படித் தாவும் என்று தெரியாது. பின்னதற்கு விதிகள் அத்துபடி. ஆனால் திரையில் ஒரு புள்ளிகூட வைக்காது. இரண்டுக்கும் நடுவே தூது போவது நாம் எழுதும் நாலைந்து ஃபங்ஷன்கள்தான். கோளாறும் பெரும்பாலும் அந்தத் தூதில்தான்.

இங்கே சொல்வதெல்லாம் செஸ்போர்டு.ஜேஎஸ் 1.0.0 பதிப்பை வைத்து. எதையும் மாற்றுவதற்கு முன் எஃப்12 அழுத்திக் கன்சோலையும் நெட்வொர்க் பட்டியலையும் திறந்து வையுங்கள். சிவப்பு வரி இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

## பலகையே வரவில்லை

பிழை எண் 1003 என்று ஒரு பெட்டி எழுந்தால், பலகைக்கான டிவ் எலிமென்ட் கிடைக்கவில்லை என்று பொருள். ஐடியில் எழுத்துப்பிழை இருக்கலாம். அதைவிட அடிக்கடி நடப்பது, உங்கள் ஸ்கிரிப்ட் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே ஓடிவிடுவது. அந்த நேரத்தில் டிவ் இன்னும் பிறக்கவே இல்லை. ஸ்கிரிப்டைப் பக்கத்தின் பாடி டேக் மூடும் இடத்துக்குச் சற்று மேலே நகர்த்துங்கள், அல்லது பக்கம் முழுதும் வந்த பிறகு ஓடு என்று சொல்லும் டிஃபரை எல்லா ஸ்கிரிப்டுக்கும் சேருங்கள். ஒன்றுக்கு மட்டும் டிஃபர் போட்டு மற்றதை விட்டால் வரிசை குலைந்து வேறு பிழை வரும்.

எண் 1005 என்றால் செஸ்போர்டு நம்பியிருக்கும் ஜேக்வெரி லைப்ரரி இல்லை, அல்லது 1.8.3-ஐவிடப் பழையது. ஏற்றும் வரிசை இது: ஜேக்வெரி, செஸ்போர்டு, செஸ், கடைசியில் உங்கள் ஃபைல்.

'செஸ்போர்டு என்ற பெயர் வரையறுக்கப்படவில்லை' என்று கன்சோல் சொன்னால், முதலில் நெட்வொர்க்கில் அந்த ஃபைல் கிடைக்காமல் 404 ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைல் வந்திருந்தும் இதே பிழையா? பதிப்பைச் சோதியுங்கள். பழைய 0.3.0-இல் பெயரின் நடுவில் வரும் 'பி' பெரிய எழுத்து. 1.0.0-இல் அது சிறிய எழுத்தானது. பழைய பெயரும் ஏற்கப்படும். அதனால் பழைய எடுத்துக்காட்டு புதிய ஃபைலில் ஓடும். புதிய எடுத்துக்காட்டு பழைய ஃபைலில் ஓடாது.

கன்சோல் சுத்தமாக இருந்தும் திரை வெறுமையாக இருந்தால் அகலத்தைப் பாருங்கள். பலகை தன் அளவைத் தானே முடிவு செய்வதில்லை, டிவ்வின் அகலத்தை அளக்கிறது. அதிலிருந்து 1 பிக்சல் கழித்து, 8-ஆல் வகுபடும் எண் வரும்வரை இறங்குகிறது. 400 பிக்சல் டிவ் தந்தால் பலகை 392, ஒரு கட்டம் 49. (பலகை ஓரத்தில் சில பிக்சல் இடைவெளி இருப்பதற்கும் காரணம் இதுதான், அதைத் துரத்த வேண்டாம்.) டிவ் மறைந்திருந்தால் அகலம் 0, கட்டமும் 0. திறக்காத டேப், மூடிய பாப்அப், மடித்து வைத்த பகுதி என எதற்குள் பலகை இருந்தாலும் இந்தக் கதைதான். அந்தப் பகுதி திறந்து கண்ணுக்குத் தெரிந்த பிறகு பலகையின் ரீசைஸ் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். திறப்பு அனிமேஷனோடு நடந்தால் அது முடிந்த பிறகுதான் கூப்பிட வேண்டும். பாதி திறந்த நிலையில் கூப்பிட்டால் பாதி அளவுப் பலகைதான் கிடைக்கும். ஜன்னல் அளவு மாறும்போதும் இதே ரீசைஸ் தேவை, அது தானாக நடக்காது.

## கட்டங்கள் இருக்கின்றன, காய்கள் இல்லை

உற்றுப் பாருங்கள். கட்டத்துக்குள் உடைந்த படத்தின் சின்னம் தெரிகிறதா, ஒன்றுமே இல்லையா? ஒன்றுமே இல்லையென்றால் தொடக்க நிலையை நீங்கள் சொல்லவில்லை. பொசிஷன் என்ற அமைப்புக்கு 'ஸ்டார்ட்' கொடுங்கள்.

உடைந்த சின்னம் என்றால் படங்களின் பாதை தவறு. மொத்தம் 12 படங்கள். படங்களின் பாதையைச் சொல்லும் பீஸ்தீம் அமைப்பைக் கொடுக்காவிட்டால் 'ஐஎம்ஜி' ஃபோல்டருக்குள் 'செஸ்பீசஸ்', அதற்குள் 'விக்கிபீடியா' என்று லைப்ரரி தேடிப் போகும். அந்தத் தேடல் தொடங்குவது ஸ்கிரிப்ட் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து அல்ல, பக்கத்தின் முகவரியிலிருந்து. அதனால்தான் முகப்புப் பக்கத்தில் ஓடும் பலகை, இரண்டு ஃபோல்டர் உள்ளே இருக்கும் பக்கத்தில் காய் இழக்கிறது. பாதையைச் சாய்கோட்டில் தொடங்கி எழுதினால் எந்தப் பக்கத்திலும் ஒன்றுபோல் வேலை செய்யும்.

சொந்தக் கணினியில் சரி, சர்வரில் மட்டும் காய் இல்லை என்றால் எழுத்தின் அளவு காரணம். ஃபைல் பெயரில் நிறத்துக்கான முதல் எழுத்து சிறியது, காய்க்கான இரண்டாம் எழுத்து பெரியது. விண்டோஸ் இதைப் பொருட்படுத்தாது; லினக்ஸ் சர்வர் இரண்டையும் வேறு வேறு ஃபைலாகவே பார்க்கும்.

64 கட்டங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக நெடுக இறங்கினால் சிஎஸ்எஸ் ஃபைல் வரவில்லை. கட்டங்களைப் பக்கவாட்டில் அடுக்குவது அதுதான். காய் படங்கள் சுருங்கியோ, சட்டம் போட்டதுபோலவோ தெரிந்தால் உங்கள் தளத்தின் தீம் எல்லாப் படங்களுக்கும் மார்ஜின், பார்டர் என்று ஏதோ போட்டிருக்கிறது. பலகைக்குள் இருக்கும் படங்களுக்கு மட்டும் அவற்றைப் பூஜ்யமாக்குங்கள்.

## செஸ்.ஜேஎஸ் சேர்த்ததும் எல்லாம் நின்றுவிட்டது

'எதிர்பாராத எக்ஸ்போர்ட்' என்று பிழை வந்தால், நீங்கள் ஏற்றியது 1.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. அது மாட்யூலாக வருகிறது, சாதாரண ஸ்கிரிப்ட் டேகில் ஓடாது. ஸ்கிரிப்ட் டேகின் வகையை 'மாட்யூல்' என்று மாற்றி, இம்போர்ட் வரியில் செஸ் என்ற பெயரைக் கொண்டுவாருங்கள்.

மாற்றியதும் இரண்டு விஷயம் கிளம்பும். ஒன்று, ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் பிரவுசர் இம்போர்ட்டை மறுக்கும். மாட்யூல் ஹெச்டிடிபி வழியாக வர வேண்டும். பைத்தானோடு வரும் சிறு சர்வரை அந்த ஃபோல்டரில் ஓடவிட்டால் 8000-ஆம் போர்ட்டில் பக்கம் திறக்கும், சோதனைக்கு அது போதும். இன்னொன்று, மாட்யூலுக்குள் எழுதிய ஃபங்ஷன்கள் வெளியே தெரியாது. 'புதிய ஆட்டம்' பட்டனில் ஆன்கிளிக் என்று நேரடியாக எழுதியிருந்தால் அந்த ஃபங்ஷன் இல்லை என்று சொல்லும். பட்டனுக்கு மாட்யூலுக்குள்ளிருந்தே லிசனர் மாட்டுங்கள்.

## காய் மவுஸோடு ஒட்டிக்கொண்டு கீழே விழ மறுக்கிறது

இது ஒன்றுக்காகவே பலர் லைப்ரரியையே மாற்றிவிடுகிறார்கள். அவசியமே இல்லை.

இ2 சிப்பாயை எடுத்து இ5-இல் போடுகிறீர்கள். அது திரும்பி இ2-க்குப் போக வேண்டும். போகாமல், மவுஸ் பட்டனை விட்ட பிறகும் அம்புக்குறியோடு அலைகிறது. மறுபடி கிளிக் செய்தாலும் விடுவதில்லை. இ4 மேல் கொண்டுபோய்க் கிளிக் செய்தால் மட்டும் சமர்த்தாக இறங்குகிறது. கன்சோலில் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு சிவப்பு வரி.

நடந்தது இது. மவுஸை விட்டதும் பலகை முதலில், காய் போடப்படும்போது ஓட நீங்கள் எழுதிய ஆன்டிராப் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. பதில் வந்த பிறகுதான் 'இழுப்பு முடிந்தது' என்று குறித்துக்கொள்கிறது. செஸ்.ஜேஎஸ்ஸின் பழைய பதிப்புகளில் விதிமீறிய நகர்வுக்கு மூவ் ஃபங்ஷன் 'நல்', அதாவது வெறுமை, திருப்பித் தரும். 1.0 முதல் அது பிழையையே வீசுகிறது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் 'நல் வந்தால் ஸ்னாப்பேக்', அதாவது காயைப் பழைய கட்டத்துக்கே திருப்பு, என்றே எழுதப்பட்டவை. பிழை வீசப்பட்டதும் ஆன்டிராப் நடுவழியில் அறுந்துபோகிறது, பலகைக்குப் பதிலே வருவதில்லை. அதன் கணக்கில் நீங்கள் இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

தீர்வு: மூவ் அழைப்பை ட்ரை பகுதிக்குள் வைத்து, கேட்ச் பகுதியில் 'ஸ்னாப்பேக்' என்ற சொல்லைத் திருப்பி அனுப்புங்கள். ட்ரைக்குள் அந்த ஒரே வரி மட்டும் இருக்கட்டும். முழு ஆன்டிராப்பையும் உள்ளே தள்ளினால், நகர்வுப் பட்டியலைப் புதுப்பிக்கும் உங்கள் சொந்தக் கோடில் பிழை இருந்தாலும் 'தவறான நகர்வு' வேஷம் போட்டுக் காய் திரும்பிப்போகும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.

ட்ரை போட்டும் ஒட்டுகிறதா? அப்படியென்றால் சரியான நகர்வும் ஒட்டும். கன்சோலில் 'அனிமேட் என்பது ஃபங்ஷன் அல்ல' என்றிருக்கும். நீங்கள் ஏற்றியது ஜேக்வெரியின் ஸ்லிம் பதிப்பு. அதில் அனிமேஷன் பகுதி வெட்டப்பட்டிருக்கும். பலகையோ காயைக் கட்டத்தில் உட்கார வைக்க அதைத்தான் நம்பியிருக்கிறது. முழுப் பதிப்பை ஏற்றுங்கள்.

பதிப்பு மாற்றத்தில் பெயர்களும் மாறின. ஆட்டம் முடிந்ததா, செக்மேட்டா என்று கேட்கும் ஃபங்ஷன்கள் முன்பு அடிக்கோடு போட்ட பெயர்கள். இப்போது 'இஸ்கேம்ஓவர்', 'இஸ்செக்மேட்' என்று ஒட்டி எழுதும் பெயர்கள். காயை எடுக்கும்போது ஓடும் ஆன்டிராக்ஸ்டார்ட்டில் பழைய பெயர் இருந்தால் காயைத் தொட்டதுமே பிழை வரும், எந்தக் காயும் எழாது. 'ஒட்டுவதும்' 'எழாததும்' எதிரெதிர் அறிகுறிகள்போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றே.

எதிராளியின் காயும் எழுகிறது என்றால் ஆன்டிராக்ஸ்டார்ட்டில் சோதனையே இல்லை. காயின் பெயரில் முதல் எழுத்து நிறம். அது டர்ன் ஃபங்ஷன் தரும் எழுத்தோடு பொருந்தாவிட்டால் 'ஃபால்ஸ்' திருப்புங்கள்.

## ராஜா கோட்டை கட்டினார், யானை மூலையிலேயே நிற்கிறது

கூடவே, இரண்டு கட்டம் தாவிப் பக்கத்தில் வந்து நின்ற சிப்பாயை வெட்டும் ஆன் பாசான் வெட்டில் வெட்டுப்பட்ட சிப்பாய் பலகையிலிருந்து போகாது. இரண்டுக்கும் காரணம் ஒன்று: பலகை நீங்கள் இழுத்த காயை மட்டும் நகர்த்துகிறது. யானை எஃப்1-க்கு வர வேண்டும் என்பது செஸ்.ஜேஎஸ்ஸுக்குத்தான் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் ஆட்டத்தின் எஃப்இஎன் சரத்தை, அதாவது நிலையை ஒரே வரியில் எழுதும் குறியீட்டை, பலகையின் பொசிஷன் ஃபங்ஷனுக்குக் கொடுக்க வேண்டும். இடம் முக்கியம்: அதை, காய் கட்டத்தில் உட்கார்ந்த பிறகு ஓடும் ஆன்ஸ்னாப்எண்டில் செய்யுங்கள், ஆன்டிராப்பில் அல்ல. ஆன்டிராப் ஓடும்போது பலகை தன் கணக்கை இன்னும் முடிக்கவில்லை; நீங்கள் எல்லாவற்றையும் சரியாக வைத்தாலும், ஆன்டிராப் முடிந்த கையோடு அது இழுத்த காயைத் தன் கணக்குப்படி மறுபடி வைக்கும். காய் ஒரு நொடி சரியாகப் போய், பிறகு துள்ளிக் குழம்புவது இதனால்தான்.

கோட்டை கட்டும்போது ராஜாவை ஜி1 அல்லது சி1-இல் போட வேண்டும். யானையின் மேல் போட்டுப் பழகியவர்களுக்கு அது ஸ்னாப்பேக் ஆகும்; வேண்டுமானால் ஆன்டிராப்பில் ஹெச்1-ஐ ஜி1 என்று மாற்றிக்கொள்ளும் இரண்டு வரி எழுதிக்கொள்ளலாம். ராஜா இ1-லிருந்து கிளம்பியிருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

## சேமித்த ஆட்டம் மறுபடி ஏறவில்லை

'ஆறு புலங்கள் வேண்டும்' என்று பிழை வந்தால், சேமித்தது பலகையின் எஃப்இஎன், ஆட்டத்தினுடையது அல்ல. இரண்டு லைப்ரரிகளிலும் ஒரே பெயரில் ஃபங்ஷன் இருப்பதால் வரும் வினை. பலகை தருவது காய்கள் இருக்கும் இடம் மட்டும், அதாவது ஆறில் முதல் புலம். யாருடைய முறை, கோட்டை உரிமை, ஆன் பாசான் கட்டம், 50 நகர்வு விதிக்கான எண்ணிக்கை, நகர்வு எண் ஆகிய மீதி ஐந்தும் அதற்குத் தெரியாது.

குறைந்த ஐந்தையும் கையால் ஒட்டிச் சரிக்கட்டாதீர்கள். பிழை போய்விடும், ஆனால் கோட்டை உரிமை தவறாகிவிடும், அது பத்து நகர்வு கழித்துத்தான் வெளியே வரும். சேமிப்பது எப்போதும் ஆட்டத்திலிருந்தே இருக்கட்டும். முழு வரலாறும் வேண்டுமென்றால் எஃப்இஎன் போதாது, எல்லா நகர்வுகளையும் வரிசையாக எழுதும் பிஜிஎன் சேமியுங்கள். நிலை மூன்று முறை திரும்பியதா என்று பார்க்க வரலாறு தேவை.

## இழுக்கும்போது காய் வேறு இடத்தில் மிதக்கிறது

காயை எடுத்ததும் பலகை அதன் நகலைப் பக்கத்தின் பாடி எலிமென்ட்டின் கடைசியில் சேர்த்து, முழுப் பக்க அளவுகளை வைத்து நகர்த்துகிறது. பாடிக்கு 'ரிலேட்டிவ்' பொசிஷன் கொடுத்து நடுவில் நிறுத்தியிருந்தால் கணக்கு தப்பும். 1300 பிக்சல் ஜன்னலில் 900 பிக்சல் பாடி என்றால், இடப்பக்கம் மிச்சம் 200. காயும் அம்புக்குறிக்கு 200 பிக்சல் வலப்புறம் மிதக்கும். நடுவில் நிறுத்தும் வேலையைப் பாடிக்குள் இன்னொரு டிவ்வுக்குக் கொடுத்துவிட்டு, பாடியைச் சும்மா விடுங்கள்.

பாப்அப்புக்குள் பலகை இருந்து, எடுத்ததும் காய் மறைந்து, போட்டதும் தெரிந்தால் அதே நகல்தான் காரணம். பாப்அப்பின் பின்னால் போய்விட்டது. பாடிக்கு நேர் பிள்ளையாக இருக்கும் படத்துக்குப் பாப்அப்பைவிட உயர்ந்த இசட்-இண்டெக்ஸ் கொடுங்கள்.

## ஃபோனில் காய்க்குப் பதில் பக்கம் நகர்கிறது

குரோம் 56 வந்த 2017 முதல், ஜன்னல் அளவில் மாட்டிய டச்மூவ் லிசனர்கள் 'பாஸிவ்' ஆகக் கருதப்படுகின்றன. 'ஸ்க்ரோல் செய்யாதே' என்று அவை சொன்னாலும் பிரவுசர் கேட்காது. செஸ்போர்டு.ஜேஎஸ் டச்மூவை ஜன்னலில்தான் மாட்டுகிறது. லைப்ரரியைத் திருத்தத் தேவையில்லை. பலகையின் டிவ்வுக்குச் சிஎஸ்எஸ்ஸில் டச்-ஆக்ஷன் 'நன்', அதாவது எதுவும் செய்யாதே, என்று கொடுத்தால் தீர்ந்தது.

ஆனால் திரையின் முழு அகலத்துக்கும் பலகையை விரிக்காதீர்கள். இப்போது பலகைமேல் விரல் வைத்தால் ஸ்க்ரோல் நடக்காது. விரல் வைக்க வேறு இடமே இல்லையென்றால் வாசகர் அங்கேயே மாட்டிக்கொள்வார். இரு பக்கமும் விரல் நகரும் அளவு இடம் விடுங்கள்.

## சிப்பாய் எட்டாம் வரிசைக்குப் போனால் எப்போதும் ராணிதான்

எடுத்துக்காட்டுகளில் ப்ரமோஷனுக்கு 'க்யூ' என்று நிரந்தரமாக எழுதியிருக்கும். தேர்வு வேண்டுமென்றால் செய்ய வேண்டியது:

1. ஆன்டிராப்பில், அந்தக் கட்டத்திலிருந்து கிளம்பும் நகர்வுகளை விரிவான வடிவில் கேளுங்கள். சேரும் கட்டம் பொருந்தி, ப்ரமோஷன் உள்ள நகர்வு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வழக்கமான வழி.
2. இருந்தால், புறப்பட்ட கட்டத்தையும் சேர்ந்த கட்டத்தையும் ஒரு மாறியில் வைத்துவிட்டு, மூவ் கூப்பிடாமல் வெளியேறுங்கள். ராணி, யானை, பிஷப், குதிரை என நான்கு பட்டன்களைக் காட்டுங்கள்.
3. அந்த மாறியில் ஏதாவது இருக்கும்வரை ஆன்ஸ்னாப்எண்ட் பலகையைப் புதுப்பிக்கக் கூடாது, ஆன்டிராக்ஸ்டார்ட் 'ஃபால்ஸ்' தர வேண்டும்.
4. பட்டன் அழுத்தியதும் மூவ் கூப்பிட்டு, மாறியைக் காலி செய்து, பொசிஷனுக்கு எஃப்இஎன்னோடு இரண்டாவதாக 'ஃபால்ஸ்' கொடுங்கள். அனிமேஷன் இல்லாமல் காய் மாறும்.

சிப்பாய் ஏழாம் வரிசைக்கே திரும்பி ஓடினால் மூன்றாவது படி விடுபட்டிருக்கிறது.

## பலகையைத் திருப்பியதும் கட்டத்தில் போட்ட வண்ணம் போய்விட்டது

திருப்பும்போது கட்டங்கள் எல்லாம் புதிதாக வரையப்படுகின்றன; நீங்கள் சேர்த்த கிளாஸும் லிசனரும் பழைய கட்டங்களோடு போய்விடும். லிசனரை வெளி டிவ்வில் மாட்டுங்கள், வண்ணத்தைத் திருப்பிய பிறகு மறுபடி பூசுங்கள்.  

## கணினி எதிராளி நகரவில்லை, அல்லது பழைய நகர்வை ஆடுகிறது

நகர்வை யோசிக்கும் எஞ்சினான ஸ்டாக்ஃபிஷ்ஷை, பக்கத்தை நிறுத்தாமல் பின்னணியில் ஓடும் வெப் ஒர்க்கரில் ஓட்டுவது வழக்கம். ஒர்க்கர் ஃபைல் வேறு தளத்தில் இருந்தால் பிரவுசர் மறுக்கும்; உங்கள் சர்வரிலேயே வையுங்கள். 'ஷேர்டுஅரேபஃபர் இல்லை' என்றால் நீங்கள் எடுத்தது பல த்ரெட் பதிப்பு. அதற்குச் சர்வர் இரண்டு ஹெட்டர்கள் அனுப்ப வேண்டும்: கிராஸ்-ஆரிஜின்-ஓப்பனர்-பாலிசி 'சேம்-ஆரிஜின்', கிராஸ்-ஆரிஜின்-எம்பெடர்-பாலிசி 'ரிக்வயர்-கார்ப்'. இவை போட்டால் வேறு தளத்திலிருந்து வரும் படங்களும் வீடியோக்களும் உங்கள் பக்கத்தில் நின்றுபோகலாம். பொழுதுபோக்குக்கு ஆடும் பலகைக்கு ஒற்றை த்ரெட் பதிப்பே தாராளம். ஒரு நொடி யோசிக்க விட்டாலே பெரும்பாலான மனிதர்களைத் தோற்கடித்துவிடும்.

எஞ்சின் 'பெஸ்ட்மூவ் இ2இ4' என்று பதில் தந்தும் காய் நகராவிட்டால், அந்த முழு வரியையும் அப்படியே மூவுக்குக் கொடுத்திருப்பீர்கள். 'பெஸ்ட்மூவ்' என்ற சொல்லுக்குப் பிறகு வருவதில் முதல் இரண்டு எழுத்து புறப்பாடு, அடுத்த இரண்டு சேரிடம், ஐந்தாவது இருந்தால் ப்ரமோஷன். வெட்டித் தனித்தனியாகக் கொடுங்கள்.

கடைசியாக, பின்வாங்கும் பட்டனால் வரும் குழப்பம். எஞ்சின் யோசிக்கும்போது ஆடுபவர் நகர்வைத் திரும்ப எடுத்துவிட்டார். இரண்டு நொடியில் பழைய நிலைக்கான பதில் வந்து புதிய நிலையில் விழுகிறது. 'ஸ்டாப்' அனுப்பினாலும் எஞ்சின் ஒரு பெஸ்ட்மூவ் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். ஆகவே 'ஸ்டாப்' அனுப்பும்போதே 'வரப்போகும் ஒரு பதில் செல்லாது' என்று ஒரு மாறியில் குறியுங்கள். பெஸ்ட்மூவ் வந்ததும் அந்தக் குறி இருந்தால் குறியை மட்டும் நீக்கிவிட்டு, அந்த நகர்வை ஆடாமல் விட்டுவிடுங்கள். எஞ்சின் யோசிக்காதபோது 'ஸ்டாப்' அனுப்பிக் குறியும் வைத்துவிட்டால், அடுத்த நல்ல பதில் காணாமல் போகும்; யோசனை நடக்கிறதா என்பதற்குத் தனி மாறி ஒன்று வேண்டும்.